தேதி பாத்துக்கறோம், டாக்டர்

செகந்திராபாத் காய்கறிச் சந்தையைத் தாண்டுவதற்குள் எங்கள் கம்பெனி பஸ் ஒரு முறையாவது நின்றுவிடும். தக்காளிக் கூடை ஏற்றிய லாரி குறுக்கே நிற்கும்; அதன் டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார்; அவரைத் தேடிக்கொண்டு இறங்கும் எங்கள் டிரைவரும் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருவார். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கால்மேல் கால் போடுவேன், காலை மாற்றிப் போடுவேன், கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பேன், மறுபடி உட்காருவேன். எனக்கு அரித்தது. எங்கே என்று சொல்லாமல் குறிப்பாக எழுதினால் நாசூக்கு என்பார்கள். அந்த நாசூக்கால் நான் பட்டது போதும். பெண்ணுறுப்பில் அரித்தது. திரிந்த பால் மாதிரி வெள்ளை பட்டது. சிறுநீர் கழித்தால் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ரப்பர் சீல்களை, அதாவது கசிவை அடைக்கும் வளையங்களை, பரிசோதிக்கும் பிரிவில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே வரைபடப் பிரிவில். இருவருமே செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள். என் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். வீட்டில் ஆற்காட்டுத் தமிழ், தெருவில் உருது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கடைக்காரரிடம் தெலுங்கு என்று வளர்ந்தேன். இத்தனை மொழி தெரிந்தும், எனக்கு அரிக்கிறது என்று ஒரு மொழியிலும் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

முதல் பிள்ளை பிறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பையன். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துப் பெரிய பாடாகிவிட்டது. எங்கள் தொழிற்சாலை மருத்துவமனையை நாங்கள் டிஸ்பென்சரி என்போம். அதற்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் லேடி டாக்டர்தான் எனக்கு ஆபரேஷன் செய்தவர். தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். என்னை வீட்டுக்கு அனுப்பும் நாளில் என் வீட்டுக்காரரையும் எதிரில் நிற்க வைத்துச் சொன்னார்: "மூணு வருஷத்துக்கு வயித்துல எதுவும் வரக்கூடாது. இந்தத் தையல் சரியா ஆறல. இன்னொண்ணு வந்தா தாங்காது, உள்ளயே பிரிஞ்சுக்கும். பிள்ளையும் போகும், இவளும் போவா. புரிஞ்சுதா?"

புரிந்தது. அந்த வாரமே வீட்டுக்காரர் டிஸ்பென்சரி வராந்தாவில் இருக்கும் மரப்பெட்டியிலிருந்து ரப்பர் உறைப் பாக்கெட்டுகளை எடுத்துவர ஆரம்பித்தார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று அரசாங்கம் இலவசமாக வைத்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண்கள் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கையை விட்டு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கோயிலில் அது பாவம். தேதி பார்த்து, மாதத்தில் சில நாள் விலகி இருப்பதுதான் கோயில் ஒப்புக்கொண்ட ஒரே வழி. எனக்கு மாதவிலக்கு எப்போது வரும் என்று மாதாவுக்கே தெரியாது. அதை நம்பி நான் எந்தத் தேதியைப் பார்ப்பது? சாமியார் சுலபமாகச் சொல்லிவிடுவார். அவருக்கு வயிறு கிழியப்போவதில்லை.

ஆனால் இதை வெளியே சொல்ல முடியாது. என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, எங்களோடு இருந்தார். கோயிலில் பெண்களுக்கு ஜெபமாலை சொல்லிக்கொடுப்பவர். அவருக்குத் தெரிந்தால் கத்தமாட்டார். எனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் வைப்பார். அது அதைவிட மோசம்.

அரிப்புக்கு வருகிறேன். எங்கள் லாக்கர் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. டிஸ்பென்சரியில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை யாரும் கடைசிவரை சாப்பிட்டதில்லை. ஜுரம் விட்டதும் மிச்சத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம். கலர் கலராகக் காப்ஸ்யூல், மஞ்சள் மாத்திரை, பாதி பிழிந்த டியூப். எவளுக்கு எது வந்தாலும் அந்த டப்பாதான் முதல் டாக்டர். எனக்கு வெள்ளைபட ஆரம்பித்ததும், "உடம்புச் சூடு, சீழ் இன்னும் உள்ள இருக்குது" என்று தோழிகள் தீர்ப்புச் சொல்லி, டப்பாவிலிருந்து காப்ஸ்யூல் எடுத்துக் கொடுத்தார்கள். ஏற்கெனவே தையலுக்காக மாதக்கணக்கில் அதே காப்ஸ்யூலைத்தான் விழுங்கியிருந்தேன். இன்னும் கொஞ்சம் விழுங்கினேன். அரிப்பு இரட்டிப்பானது. அப்புறம் யாரோ படைக்குப் போட்ட ஆயின்ட்மென்ட். அதைப் போட்டதும் சில நாள் சொர்க்கம். பிறகு முன்னைவிடச் செக்கச்செவேலென்று சிவந்து, உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஆகிவிட்டது. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவினேன். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

என் வேலையோ அசையாமல் உட்கார வேண்டிய வேலை. ரெக்ஸின் போட்ட ஸ்டூல், மே மாத வெயில், பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நான் எதையாவது சாக்கு வைத்து எழுந்து எழுந்து போனேன். மேற்பார்வையாளர் ஒரு நாள், "மேடம், உங்கள் ஸ்டூலில் முள் இருக்கிறதா?" என்று எல்லார் முன்னிலும் இங்கிலீஷில் கேட்டார். அவரை அந்த இடத்திலேயே கடித்துக் குதறியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் பையன் அழுதால் எரிச்சல், குக்கர் கூவினால் எரிச்சல். ஒரு நாள் காபி டம்ளரை நான் வைத்த வேகத்தில் அது உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. வீட்டுக்காரர் அதைக் குனிந்து எடுத்தபடியே கேட்டார்: "கைக்கு இவ்ளோ கோபம்? நான் என்ன பண்ணேன்?"

கைக்கு என்றால் எதற்கு. எங்கள் ஊர் உருது அது. அவர் வாயில் பாதிப் பேச்சு அப்படித்தான் வரும். நான் சொன்னேன். சொல்லிமுடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட போ" என்றார் கடைசியில்.

"நக்கோ, வேணாம். அங்க அந்த நர்ஸ் இருக்கா."

"இருந்தா என்ன?"

இருந்தால் என்னவாம். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. அந்த நர்ஸ் தூத்துக்குடிக்காரி, என்னைவிடச் சிறியவள், கன்னியாஸ்திரீகள் மடத்து விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். பூசை முடிந்ததும் என் அத்தை அவள் கன்னத்தைத் தடவாமல் வீட்டுக்கு வரமாட்டார். டாக்டரின் அறையில் ஒரு பச்சைத் திரை உண்டு. திரைக்கு இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் நர்ஸ். ஒரு தும்மலைக்கூட அந்தத் திரை மறைக்காது.

ஆனாலும் போனேன். வேறு வழியில்லை. அந்த வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பரிசோதித்தார். பஞ்சால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னை உட்கார வைத்து, நான் என்னென்ன போட்டேன் என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் கடுத்துக்கொண்டே போனது.

"இத்தன நாள் வாயை மூடிட்டுத் தாங்கினதுக்கு உனக்கு யாராவது மெடல் குடுக்கறாங்களா? சிக்கு படகம்மா, வெட்கப்படாதே, எங்கிட்ட என்ன வெட்கம்? இது ஈஸ்ட். காளான் ஜாதி. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கறதுதான். நீ அந்தக் காப்ஸ்யூலா முழுங்கி, அதை அடக்கி வெச்சிருந்த நல்ல கிருமியெல்லாம் கொன்னுட்டே. அப்புறம் அந்தப் படை ஆயின்ட்மென்ட். அது அரிப்பை அமுக்கும், காளானுக்குச் சோறு போடும். நல்ல கூட்டணி."

பிறகு ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் ஒரு டியூபும் தந்தார். காளானைக் கொல்லும் மருந்து. பெட்டியில் நீளவாக்கில் பெரிய மாத்திரைகள்.

"இது வாய்ல போடற மாத்திரை இல்ல. ஒருத்தி முழுங்கிட்டு பஸ்ல வாந்தி எடுத்தா. படுக்கப் போறப்போ கையைச் சோப்பு போட்டுக் கழுவு. மல்லாந்து படுத்து, வலிக்காம எவ்ளோ உள்ள போகுமோ அவ்ளோ உள்ள வை. வெச்ச கையோட எழுந்து பாத்திரம் தேய்க்கப் போகாதே, எல்லாம் கீழ வந்துடும். சீக்கிரமே அரிப்பு நின்னுடும். நின்னுடுச்சேன்னு பாதில விட்டா மறுபடி எங்கிட்டதான் வந்து நிப்பே. பெட்டி காலியாகற வரைக்கும் வைக்கணும். க்ரீம் வெளிய மட்டும், மெல்லிசா. மாத்திரை முடிஞ்சாலும் க்ரீமை இன்னும் ஒரு வாரம் போடு. கிருமிநாசினி, வாசனை சோப்பு எதுவும் அங்க கூடாது, வெறும் தண்ணி போதும். நைலான் வேண்டாம், பருத்தி கட்டு. ஜுரம் வந்தா, அடிவயிறு வலிச்சா, நாத்தம் அடிச்சா, அது வேற நோய், உடனே வா. மிச்சம் இருந்தா உங்க டப்பால போடாதே. ஒவ்வொருத்திக்கும் என்னன்னு பாக்காம மருந்து போடக்கூடாது."

டப்பா விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தலையை ஆட்டினேன். இந்த மாதிரி எனக்கு ஒருவர் விவரமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன், கல்யாணத்துக்கு முன்னால்கூட யாரும் எனக்கு இவ்வளவு சொல்லவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு அரிப்பு உண்டா?"

"இல்ல டாக்டர்."

"சரி. மாத்திரை முடியற வரைக்கும் தள்ளிப் படுங்க. அப்புறம், ஃபேமிலி ப்ளானிங்குக்கு என்ன பண்றீங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் எதையோ தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டங் டங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழு, அத்தையின் கை அவள் கன்னத்தில், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது.

"தேதி பாத்துக்கறோம், டாக்டர்" என்றேன்.

டாக்டர் என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். "தேதியா? சரியா பாக்கறியா? நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல, மூணு வருஷம்?"

"ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம் டாக்டர்."

"அப்ப சரி" என்று பேனாவை மூடினார். அந்த 'அப்ப'வுக்குப் பின்னால் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. நான் உறை என்று சொல்லியிருந்தால் அதையும் சொல்லியிருப்பார். தேதி என்றவளுக்கு அது எதற்கு? தட்டில் மறுபடி சத்தம் கேட்டது. நர்ஸ் அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

மருந்து வேலை செய்தது. சொன்னபடியே கை கழுவி, மல்லாந்து படுத்து, எழுந்திருக்காமல் கிடந்தேன். பையன் அழுதபோது அவரைத்தான் எழுந்து போகச் சொன்னேன். சீக்கிரமே அரிப்பு அடங்கியது. அடங்கியதும் நிறுத்திவிடலாம் என்று கை துறுதுறுத்தது, எங்கள் பழக்கம் அப்படி. ஆனால் டாக்டரின் கடுகடுத்த முகம் ஞாபகம் வந்து பெட்டியைக் காலி செய்தேன். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, சந்தையில் லாரி குறுக்கே நிற்பதை நிம்மதியாக வேடிக்கை பார்த்தேன். ஒரே இடத்தில் அசையாமல் உட்காருவது இவ்வளவு சுகமா என்றிருந்தது.

மாத்திரை முடிந்தது. தள்ளிப் படுக்கச் சொன்ன கெடுவும் முடிந்தது. மாதக்கணக்கில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த மனிதர் பாவம். எனக்கும் ஆசை இருந்தது, அதை ஏன் மறைப்பது? க்ரீமை மட்டும் இன்னும் போட்டுக்கொண்டிருந்தேன். உறையும் வழக்கம்போல.

அப்புறம் ஒரு நாள் வேலையில், பொருத்தும் பிரிவிலிருந்து ஒரு ஃபிட்டர் என் மேசைக்கு வந்து ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டார். "நை பைட்ரா மேடம்" என்றார், சரியாக உட்காரவில்லை என்று. நான் பாஸ் செய்து அனுப்பிய வளையம்தான். எடுத்துப் பார்த்தேன். உப்பிக் கிடந்தது, தொட்டால் பிசுபிசுத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் பிரிவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வருபவளைக்கூடக் கையைக் கழுவ அனுப்புகிறவள் நான். "கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்க. எத்தன தடவ சொல்றது? இது இயற்கை ரப்பர். எண்ணெய்ப் பசை எது பட்டாலும் ஊதிடும், வலு போயிடும், கொஞ்சம் இழுத்தாலே..."

கிழிஞ்சிடும் என்று சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஃபிட்டர் நான் மேற்கொண்டு திட்டுவேன் என்று காத்துக்கொண்டு நின்றார். நான் வளையத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். க்ரீமைத் தொட்டால் விரலில் வழுவழுவென்று நிற்கும்; தண்ணீரில் கழுவினாலும் லேசில் போகாது. தினமும் அதைக் கழுவிக்கொண்டிருந்தவள் நான்தான். தினமும் ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஹவ்" என்று யோசித்தார், ஆமாம் போலிருக்கிறதே என்கிற மாதிரி. பிறகு அவரே, "அது மருந்து க்ரீம், மிஷின் கிரீஸா என்ன? ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். வரைபடம் போடுபவருக்கு எல்லாம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். பையனுக்குக் கோயில் வாசலில் வாங்கிய பலூன் ஒன்று கட்டில் காலில் கட்டியிருந்தது. நான் டியூபை எடுத்து அந்தப் பலூன்மேல் கொஞ்சம் தடவினேன். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பாத்தியா, ஒண்ணும்..." என்று அவர் ஆரம்பித்தார். பலூன் வெடித்தது. பையன் வீறிட்டான். அடுக்களையிலிருந்து அத்தை, "என்னாடி அது சத்தம்?" என்று கேட்டார்.

"பலூன் அத்த" என்றேன். டியூபைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு வெடித்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டுக்கு முன்னால் அந்த அரிப்பு ஒன்றுமே இல்லை. உறை கிழிந்ததா, கிழியவில்லையா, நாங்கள் கவனிக்கவே இல்லை. காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. வேலையில் ஒரு வளையம் பார்த்தால் ஒரு முறை கழிப்பறை, உள்ளாடையில் ஒரு சொட்டுச் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, தெரியாமல் திரும்புவது. அப்போதுதான் நிஜமாகவே நாள்காட்டியைப் பார்த்தேன். அதைப் பார்த்து என்ன பயன்? என் மாதவிலக்கு எப்போதும்போல் தன் இஷ்டத்துக்கு இருந்தது. தழும்பு இழுக்கிறது என்று தோன்றும்; கையை வைத்துப் பார்ப்பேன்; இல்லை என்று தோன்றும். குளிக்கும்போது அந்தத் தையல் கோட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. பையனைத் தூக்கினால், இவனை வளர்க்க நான் இருப்பேனா என்ற யோசனைதான் முதலில் வந்தது. துணி மடிப்பேன், கலைப்பேன், மறுபடி மடிப்பேன். அத்தை என்னைப் பார்த்து, "என்னாடி, கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்தறே? ஒரு எடத்துல ஒக்காரு" என்றார். உட்கார முடிந்தால் உட்காரமாட்டேனா?

நாள் தள்ளிப்போனது. காலையில் காபி வாசனைக்கு வயிறு புரட்டியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வரும் நாளில் போய் நின்றேன். அதே அறை, அதே திரை, அந்தப் பக்கம் அதே நர்ஸ்.

"நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். நாங்க தேதி பாக்கல. உறைதான் உபயோகிச்சோம். க்ரீம் போட்டுட்டிருந்தப்பவும்." நான் மெதுவாகப் பேசவில்லை. இனி மெதுவாகப் பேசி என்ன?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, க்ரீம் போடறப்போ ரப்பர் நம்பக்கூடாதுன்னு சொல்லியிருப்பேனே" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு, டெஸ்ட்டுக்கு அனுப்பினார். உண்டாகியிருந்தேன்.

கலைத்துவிட முடியுமா என்று நானேதான் கேட்டேன். முடியும், சட்டப்படி செய்யலாம், உன் உடம்புக்கு அது நியாயமும்கூட என்றார். வீட்டுக்காரர், "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். என்னால் முடியவில்லை. கோயிலுக்குப் பயந்து என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பாசத்தால் என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான். முடிந்தவளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்த முடிவை டாக்டரிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தபோது நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, நில்லுங்க."

நின்றேன். என்னவாவது புத்திமதி சொன்னால் அறைந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் நின்றேன். அவள் மரப்பெட்டியைக் காட்டினாள்.

"இந்தப் பெட்டிய ரொப்புறது நாந்தான்க்கா. அண்ணன் வந்து எடுக்கதை நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அன்னைக்கு நீங்க தேதின்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். கையில ரப்பர் க்ளவுஸ் போட்டுட்டு எண்ணெய் மருந்தத் தொடக்கூடாதுன்னு எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித் தந்திருக்காவ. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துட்டு."

"வந்ததை ஏன் முழுங்கினே?"

"நீங்க என்னியப் பாத்துத்தான பொய் சொன்னிய? எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா அப்புறம் கோயில்ல என் மூஞ்சில முழிப்பியளா? உங்க மானத்தக் காப்பாத்துறதா நெனச்சிட்டேன்க்கா."

அவள் அழுதாள். எனக்கு அறையவும் வரவில்லை, சமாதானம் சொல்லவும் வரவில்லை. அவளிடமிருந்து மறைக்க நான் பொய் சொன்னேன். எனக்காக அவள் அந்தப் பொய்யைக் காப்பாற்றினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் வயிற்றைப் பணயம் வைத்துவிட்டோம். "பஸ் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. வலது பக்கம் படுத்தால் பயம், இடது பக்கம் படுத்தால் பயம். பிள்ளை உதைத்தால் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நான் தழும்பைப் பிடித்துக்கொள்வேன். கர்ப்பத்தில் அந்த அரிப்பு ஒரு முறை திரும்பி வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் போனேன்; மாத்திரையை, பெட்டியோடு வரும் குழாயால் அழுத்தாமல், முன்போல விரலாலேயே வைக்கச் சொன்னார்; வைத்தேன், முடித்தேன். அந்த நர்ஸ் வாரா வாரம் என் ரத்த அழுத்தம் பார்த்தாள். எங்களுக்குள் அதிகப் பேச்சில்லை.

நாள் நெருங்குவதற்கு முன்பே டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி வைத்துவிட்டார். செகந்திராபாத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, நினைவு இருந்தது. டாக்டர் அந்த நர்ஸையும் உதவிக்குக் கூட்டிவந்திருந்தார். அவள் என் தலைமாட்டில் நின்றாள். மயக்க மருந்து டாக்டர், அந்த நர்சிங் ஹோம் ஆட்கள், தள்ளுவண்டிக்காரர் என்று ஒரு கூட்டமே இருந்தது. வெளியே, ஆடும் கதவுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் வீட்டுக்காரரும் அத்தையும். அத்தை ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வயிற்றைத் திறந்ததும் டாக்டர் வேகவேகமாக என்னவோ கேட்டார், என்னவோ கொடுத்தார்கள், ஒரு குழந்தை கத்தியது. பெண் என்றார்கள். நர்ஸ் குனிந்து என் காதில், "நல்லா இருக்குக்கா" என்றாள்.

"பழைய தையல் டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் பிள்ளை முடி தெரிஞ்சுது" என்றார் டாக்டர் திரைத்துணிக்கு அப்பாலிருந்து. "இன்னும் சில நாள் விட்டிருந்தா நீ இல்ல, இவளும் இல்ல. இனிமே பிள்ளையே வராதபடி இங்கயே ட்யூபைக் கட்டிடலாம். உன் வீட்டுக்காரர் கையெழுத்து போட்டிருக்கார். ஆனா நீ சொல்லணும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க கோயில்ல ஒத்துக்கமாட்டாங்கன்னு தெரியும். வேணும்னா மெதுவா தலைய ஆட்டு, போதும்" என்றார்.

நர்ஸின் கை என் தோளில் இருந்தது. அறையில் எல்லாரும் எனக்கு நாசூக்குக் காட்டுவதற்காக வேறு எங்கோ பார்த்தார்கள்.

"கட்டுங்க டாக்டர்" என்றேன். குரல் முதல் தடவை சரியாக வரவில்லை. அதனால் கத்தியே சொன்னேன். "ட்யூபக் கட்டிடுங்க."

கதவுக்கு வெளியே ஜெபமாலை நின்றதாம். அத்தை கையில் மணியைப் பிடித்தபடியே கதவைப் பார்த்தாராம். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, இதோ கேள்வி வருகிறது என்று காத்திருந்தாராம். அத்தையோ, "உள்ள எவ்ளோ சத்தமா பேசறா பாரு. பொழச்சிக்குவா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாராம்.